உப்பாற்றுக் கதவும் அண்ணாவியார் மத்தளமும்: தலைமை பற்றிய சில சிந்தனைகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. ஆயினும் ஆறு என முடியும் பெயர்களுக்கு அங்குக் குறைவில்லை. தொண்டைமானாறு, வழுக்கையாறு, உப்பாறு என்பன நாம் நாள்தோறும் வழங்கும் பெயர்கள். இவற்றுள் வழுக்கையாறு மாரி காலத்தில் மட்டும் நீரோடும் ஓடை. ஏனைய இரண்டும் கடல்நீரேரிகளோடு தொடர்புடையவை. இக்குடாநாட்டுக்கு மெய்யாகவே ஓர் ஆற்றை உண்டாக்கிவிட இயலும் என நம்பி முனைந்தோர் இருந்தனர். அம்முயற்சியின் சுவடுகளுள் ஒன்று, யாழ்ப்பாண நகரின் கிழக்கே, கண்டி வீதி நாவற்குழியை நோக்கிச் செல்லும் வழியிலுள்ள அரியாலையில் இன்றும் காணத்தக்கதாக உள்ளது. உப்பாறு யாழ்ப்பாணக் கடல்நீரேரியோடு கலக்கும் இடத்தில் அமைந்த உவர்நீர்த் தடுப்பணையையே நாம் குறிப்பிடுகின்றோம். தலைமை என்னும் பொருள் பற்றி இவ்வணையை முன்வைத்துச் சில கருத்துக்களைக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தலைமை பற்றிய பேச்சு இன்று எங்கும் மலிந்துள்ளது. பயிற்சிப் பட்டறைகளும் கையேடுகளும் தன்னம்பிக்கையைத் தலைமையின் முதற்பண்பாக எடுத்தோதுகின்றன. அதற்குச் சான்றாகச் சிங்கத்தையும் கழுகையும் காட்டுகின்றன. இயற்கையிலிருந்து தலைமையைக் கற்கலாம் என்னும் கூற்றில் நாம் மாறுபடவில்லை. ஆனால் எதனைக் கற்கின்றோம் என்பதில் விழிப்பு வேண்டும். வலிமையுள்ளது வலிமையற்றதை ஆள்வதே இயற்கையின் நியதி எனக் கூறி, ஆதிக்கத்துக்கு நியாயம் கற்பித்தோர் வரலாற்றிற் பலர். மனித சமூகத்தின் ஏற்றத்தாழ்வுகளை முதலில் விலங்குகளின்மேல் ஏற்றிப் பின்னர் அவ்விலங்குகளிடமிருந்தே அவற்றை இயற்கை நியதிகளாக மீளப் பெற்றுக்கொள்வது இவர்களின் முறை. இயற்கையில் தலைவர் இல்லை; இயக்கங்களும் அவற்றுக்கிடையிலான தொடர்புகளும் உள்ளன. அவ்வியக்கங்களை விளங்கிக்கொண்டு மனிதர் கூட்டாகச் செயற்பட முனையும்போதே தலைமை என்னும் வினா எழுகின்றது. கலையும் அத்தகையதே. அது தலைவர்களை நமக்குப் படைத்துத் தருவதில்லை. பலர் ஒருங்கு சேர்ந்து ஒன்றைச் செய்யும் முறைமையை நம் கண்முன் நிகழ்த்திக் காட்டுகின்றது.

நீரும் கல்லும்

தடுப்பணையின் பயனை உணர்வதற்குக் குடாநாட்டின் நில அமைப்பை அறிதல் வேண்டும். சுண்ணாம்புக் கற்பாறையாலான நிலம் இது. மழைநீர் பாறையின் வெடிப்புகள், குழிவுகள் வழியே கீழிறங்கி, அங்கு முன்னரே ஊடுருவி நிற்கும் கடல்நீரின்மேல் மிதக்கின்றது. உவர்நீரினும் நன்னீர் அடர்த்தி குறைந்ததாதலின் இது நிகழ்கின்றது. இவ்வாறு மிதக்கும் நன்னீர்ப் படலம் நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் வில்லை வடிவினதாக அமையும். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியலார் அறிந்த சமநிலைக் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் என்ன நேரும் என்பதும் அக்கணக்கிலிருந்தே பெறப்படும். கிணற்றிலிருந்து அளவுக்கு மீறி இறைப்பவர் காண்பது நீர்மட்டம் சிறிது தாழ்வதை மட்டுமே. காணாதது கீழிருந்து உவர்நீர் பன்மடங்கு மேலேறி வருவதை.

ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். இதிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே பெய்துவிடுகின்றது. நிலத்தினுட் சென்றது போக எஞ்சியது கடல்நீரேரிகளில் தேங்கிக் கடலுக்குப் போய்ச் சேரும். கோடையில் அந்நீரேரிகள் வற்றும். வாய் திறந்திருப்பின் கடல்நீர் உட்புகும். அதுவும் வற்றியபின் உப்புப் பூத்த வெளியே எஞ்சும். அரியாலைக்கும் நாவற்குழிக்கும் இடைப்பட்ட உவர்வெளிகளைக் கோடையிற் பார்த்தோர் இதனை அறிவர். அருகிலுள்ள செம்மணி வெளியின் பெயர் இன்று வேறு கொடிய நினைவுகளையும் சுமந்து நிற்கின்றது. அவற்றைப் பேசுதற்குரிய இடம் வேறு.

தடுப்பணையின் தொழில் எளியது. மாரியில் வெள்ளம் பெருகும்போது கதவுகளைத் திறந்து, உப்போடு கலந்த முதல் நீரையும் மிகை நீரையும் வெளியேற்ற வேண்டும். மழை ஓயும் தறுவாயில் கதவுகளை மூடி, நன்னீரை உள்ளே தேக்கிக் கடல்நீரை வெளியே நிறுத்த வேண்டும். ஆண்டுதோறும் இவ்வாறு செய்துவரின் நீரேரியின் உவர்த்தன்மை படிப்படியாகக் குறையும். கரையோரக் கிணறுகள் நன்னீர் பெறும். உவர்பட்ட நிலம் பயிருக்கு மீளும். இங்குக் காலமே கருத்தூன்றி நோக்கத்தக்கது. திறக்க வேண்டிய வேளையில் மூடினால் வயல்கள் வெள்ளத்தில் அமிழும். மூட வேண்டிய வேளையில் திறந்து வைத்தால் ஓராண்டு மழை முழுவதும் வீணாகும். கதவை இயக்குபவர் நீரை உண்டாக்குவதில்லை. மழையைப் பெய்விப்பதும் இல்லை. வரும் நீரின் அளவையும் வருங்காலத் தேவையையும் ஒருங்கு கணித்து முடிவு செய்வதே அவர் பணி. தலைமையின் இயல்பை இதனினும் எளிதாக விளக்கும் எடுத்துக்காட்டு நமக்குத் தெரியவில்லை.

ஒரு திட்டமும் அதன் வரலாறும்

அரியாலைத் தடுப்பணை தனியே எண்ணப்பட்டதன்று. நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் அவர்கள் 1950களில் வகுத்தளித்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டத்தின் ஓர் உறுப்பு அது. இலங்கையின் நீர்வளங்கள் பற்றி 1969இல் விரிவான ஆங்கில நூலொன்றை வெளியிட்டவரும் அவரே. வன்னி நிலத்திலிருந்து வடக்கு நோக்கி ஓடும் கனகராயனாறு ஆனையிறவுக் கடல்நீரேரியில் விழுகின்றது. அந்நீரேரியின் இரு புறமும் கடலோடு கொள்ளும் தொடர்பை அடைத்து அதனை நன்னீரேரி ஆக்குதல். அங்கிருந்து முள்ளியான் வழியாக ஏறத்தாழ இரண்டரை மைல் நீளமான இணைப்பு வாய்க்கால் வெட்டி நீரை வடமராட்சிக் கடல்நீரேரிக்குக் கொண்டுவருதல். அங்கிருந்து உப்பாறு வழியே குடாநாட்டின் நடுப்பகுதிக்கு நீர் வரச் செய்தல். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை கட்டிக் கடல்நீர் புகாது காத்தல் என்பன இத்திட்டத்தின் கூறுகள்.

இத்திட்டத்திற் கவனிக்க வேண்டியது யாதெனில், புதிதாகப் படைக்கப்பட வேண்டியவை அதில் மிகக் குறைவு என்பதாகும். ஆறு முன்னரே ஓடிக்கொண்டிருந்தது. நீரேரிகள் முன்னரே கிடந்தன. ஆனையிறவின் மேற்குப்புறம் வீதியும் புகையிரதப் பாதையும் அமைந்த மேட்டினால் ஏற்கெனவே பெரிதும் அடைபட்டிருந்தது. நீரேரிகளை நன்னீராக்கலாம் என்னும் எண்ணமுங்கூட ஆறுமுகத்துக்கு முன்னரே நிருவாகிகள் பலரால் பேசப்பட்டுவந்ததே. தனித்தனியே கிடந்தவற்றுக்கிடையே இருந்த தொடர்பைக் கண்டு, இரண்டரை மைல் வாய்க்கால் ஒன்றினால் அவற்றை இணைக்கலாம் எனக் கணித்துக் கூறியமையே அவர் ஆற்றிய பணி. அவருடைய உறுதி எங்கிருந்து பிறந்தது? இயற்கையை வென்றுவிடலாம் என்னும் செருக்கிலிருந்து அது பிறக்கவில்லை. நீர் எப்பக்கம் போக விரும்புகின்றது என்பதை அளந்தறிந்த அறிவிலிருந்தே பிறந்தது. தன்னம்பிக்கை என நாம் போற்றுவது உள்ளத்தில் தானாகச் சுரக்கும் ஒன்றன்று. புறவுலகை நுணுகி அறிந்ததன் விளைவு என்பதே இதனாற் பெறப்படும் முதற்பாடம்.

தொண்டைமானாற்றுத் தடுப்பணை 1953இலும் அரியாலைத் தடுப்பணை 1955இலும் நிறைவெய்தின. முள்ளியான் வாய்க்கால் பெரும்பகுதி வெட்டப்பட்டும் முடிவுறாமலே நின்றது. கிழக்கே சுண்டிக்குளத்தில் இட்ட அணையும் வெள்ளத்தாற் சிதைந்தது. பேணுவாரற்ற நிலையில் தடுப்பணைகளின் கதவுகளும் காலப்போக்கில் பழுதுற்று உவர்நீரை உள்ளே விட்டன. பின்னர் வந்த போர்க்காலத்திலே பராமரிப்பு என்னும் பேச்சுக்கே இடமில்லாது போயிற்று. தொடக்கத்தில் நின்ற அறிவும் உறுதியும் குறைவற்றவை. எனினும் கதவு கட்டியதனால் மட்டும் ஆறு வந்துவிடாது. சங்கிலியின் ஒரு கண்ணி இல்லாதபோது ஏனைய கண்ணிகள் எவ்வளவு செம்மையாக அமைந்தும் பயனில்லை. தனியொருவரின் நோக்கு, அவருக்குப் பின்னும் அதனை ஏற்று நடத்தும் நிறுவனமாகவும் வழக்கமாகவும் மாறாவிடின் அது வரைபடமாகவே எஞ்சும்.

பனை கற்பிக்கும் காலக்கணக்கு

தொடர்ச்சி பற்றிப் பேசும்போது அரியாலையின் ஓரங்களிலும் நிற்கும் பனையை நாம் மறத்தல் இயலாது. பனைமரம் தலைநிமிர்ந்து நிற்பதைப் பலரும் பாடியுள்ளனர். அதன் பிறப்பைக் கருதியோர் குறைவு. பனம்விதை நிலத்தில் விழுந்ததும் மேல்நோக்கி முளைப்பதில்லை. விதையிலிருந்து வெளிவரும் தண்டு போன்ற உறுப்பொன்று கருவைச் சுமந்துகொண்டு நிலத்தினுள் கீழ்நோக்கிச் செல்கின்றது. ஆழம் சென்ற பின்னரே அங்கு வேர் ஊன்றிக் கிழங்கு திரள்கின்றது; குருத்தோலை பின்னரே மண்ணுக்கு மேல் தலைகாட்டுகின்றது. பாத்தியிட்டுப் பனங்கிழங்கு கிண்டும் நம் மக்கள் இதனை நூல்வழி அறிந்தவர் அல்லர். மண்வெட்டி வழி அறிந்தவர். வறண்ட நிலத்தில் மேற்பரப்பை நம்பினால் பிழைத்தல் இயலாது என்பதனால் அமைந்த தகவு இது.

இவ்வாறு வேரூன்றிய பின்னும் பனை காய்க்கப் பதினைந்து ஆண்டுகள் அளவில் ஆகலாம். நட்டவர் பயன்கொள்ளும்வரை காத்திருத்தல் வேண்டும். முழுப்பயன் அவர் மக்களுக்கும் பேரருக்கும் உரியது. ஆகவே பனை நடுதல் என்பது தம் காலத்துக்கு அப்பால் உள்ளோருக்காகச் செய்யும் தொழிலாகின்றது. தலைவர் எனப்படுவோர் தம் பதவிக்காலத்துள் திறந்து வைக்கத்தக்கவற்றையே மேற்கொள்ளும் இந்நாளில், முள்ளியான் வாய்க்கால் ஏன் முடிவுறாது நின்றது என்னும் வினாவுக்கு விடையின் ஒரு பகுதியைப் பனந்தோப்பிலேயே காணலாம். திறப்பு விழா உண்டு. பராமரிப்புக்கு விழா இல்லை. கதவுகளுக்கு ஆண்டுதோறும் எண்ணெயிடுபவர் பெயரை எந்தக் கல்லும் தாங்குவதில்லை.

களரியின் நடுவே

பலர் சேர்ந்து செய்யும் தொழிலைப் பல தலைமுறைக்குத் தொடர்வது எங்ஙனம் என்னும் வினாவுக்கு நம் கலை மரபு தரும் விடை யாது என இனி நோக்குவோம். ஈழத்துத் தமிழ்க் கூத்தின் தலைவர் அண்ணாவியார். கதைத் தலைவனாக ஆடுபவர் வேறு. கூத்தின் தலைவர் வேறு. மட்டக்களப்பு மரபில் வட்டக்களரியின் நடுவே அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். தாளக்காரரும் பிற்பாட்டுக்காரரும் அவரருகே நிற்பர். அரசனும் மந்திரியும் வேடனும் அவரைச் சுற்றியே ஆடுவர். களரியைச் சூழ்ந்திருக்கும் மக்களின் கண்ணோ ஆடுபவர்மேல் நிற்கும். நடுவே நிற்பவரை எவரும் உற்று நோக்குவதில்லை. ஆனால் மத்தளம் ஒருகணம் தவறினால் முடிபுனைந்த அரசனின் கால் தடுமாறும்.

அண்ணாவியாரின் வேலை அரங்கேற்ற இரவில் தொடங்குவதன்று. குரலையும் உடலையும் பார்த்து வேடங்களைப் பகிர்ந்து சட்டங்கொடுப்பது முதல், பல மாத காலம் நடக்கும் பழக்கம், அடுக்குப் பார்த்தல் என்பவற்றைக் கடந்தே கூத்து அரங்குக்கு வரும். ஏட்டறிவு இல்லாதவருக்கும் பாட்டை வாய்மொழியாகச் சொல்லிக் கொடுப்பார். கால் வராதவருக்குத் தாமே ஆடிக் காட்டுவார். ஒவ்வோராட்டக்காரரின் பலமும் குறையும் அவருக்குத் தெரியும். ஒருவர் களைத்துவிட்டார் எனக் கண்டால் தாளத்தைத் தளர்த்துவதும், சபை சோர்ந்தது எனக் கண்டால் தாளத்தை முடுக்குவதும் அவர் கையில் உள்ளன. ஆணையிடாமல் வழிநடத்தும் இம்முறை தன்னம்பிக்கையின் முதிர்ந்த வடிவம் எனலாம். தமக்குத் தெரிந்ததைப் பிறர் உடம்பில் ஏற்றி, அவர் அதனைத் தம்முடையதாக உணரும்வரை காத்திருப்பவர் தம்மை முன்னிறுத்த வேண்டிய தேவை இல்லாதவராகின்றார்.

இம்மரபை நாம் இலட்சியமாக்கிக் காட்டுதல் தகாது. வேடப் பகிர்வில் ஊரின் அந்தஸ்து வேறுபாடுகள் தலையிட்டதுண்டு. யார் ஆடலாம், யார் எங்கிருந்து பார்க்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்ததுண்டு. பெண்பாத்திரங்களை ஆண்களே ஏற்றனர். அண்ணாவியாரின் மத்தளம் ஊரின் தாளத்துக்கு முற்றிலும் புறம்பானதாக இருந்ததில்லை. எனினும் கலையில் தேர்ச்சி என்னும் அளவுகோல் அங்கு நின்றமையும் மறுத்தற்கில்லை. பாட்டு வராதவரின் செல்வத்தை விடியும்வரை சபை பொறுத்திருக்குமா?

இம்மரபின்பால் கல்வியுலகின் கவனத்தைத் திருப்பிய பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்களின் பணி தலைமைக்கு மற்றோர் எடுத்துக்காட்டு. எதிரிவீர சரச்சந்திர 1956இல் மேடையேற்றிய மனமே சிங்கள நாடக உலகில் ஏற்படுத்திய விழிப்பு யாவரும் அறிந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வித்தியானந்தன் கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் முதலியவற்றைத் தயாரித்தார். விடியவிடிய ஆடப்பட்ட கூத்து நவீன அரங்குக்கு ஏற்பச் சுருங்கிச் செறிவுற்றது. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் கிராமத்து அண்ணாவியார்களை நாடி, அவர்தம் அறிவை அறிவென ஏற்று, மாணவர்களை அவர்முன் நிறுத்தியமையே இங்கு முதன்மையானது. தாம் அறியாததை அறிந்தோரிடம் கேட்பதனால் தலைமை தாழ்வதில்லை என்பதற்கு இது சான்று. 1979 முதல் 1988 வரை அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகப் பணியாற்றினார். பொது நூலகம் எரியுண்ட 1981ஆம் ஆண்டும் அக்காலப்பகுதியுள் அடங்கும். நெருக்கடி மிகுந்த ஆண்டுகளில் நிறுவனம் ஒன்றைத் தொடர்ந்து இயங்கச் செய்தல் எத்தகைய பணி என்பதை அக்காலத்தைக் கடந்தோர் உணர்வர்.

சுடலை காக்கும் அரசன்

யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் இரவிரவாக நிகழ்ந்த இசைநாடகங்களுள் மக்கள் உள்ளத்தில் நீங்கா இடம் பெற்றது மயான காண்டம். காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அரிச்சந்திரனாகத் தோன்றிய மேடைகள் எண்ணிறந்தவை. அரசுரிமையையும் செல்வத்தையும் இழந்து, சுடலை காக்கும் தொழிலாளியாகி, தன் மகனின் உடலைச் சுமந்துவந்த மனைவியிடமே சுடலைக்குரிய கூலியைக் கேட்டு நிற்கும் அரசனை ஊர் மக்கள் விடியும்வரை விழித்திருந்து பார்த்தனர். முடியும் கோலும் இருந்த அரசனைக் காண அவர்கள் அத்துணை ஆவலோடு வந்தாரில்லை. அடையாளங்கள் யாவும் களையப்பட்ட பின்பு எது எஞ்சுகின்றது என்பதைக் காணவே வந்தனர். பதவி நீங்கியபின்னும் எஞ்சும் பண்பே தலைமை என்னும் உணர்வு மக்களிடம் ஆழ வேரூன்றியிருந்தது. இவ்விசைநாடக மரபைப் பேணியோருட் பலர் சமூகத்தின் அடித்தட்டிலிருந்து வந்தோர் என்பதையும் இணைத்து நோக்கின், சுடலை காப்பவனிடத்து அரசனைக் காட்டும் இக்கதை அவர்கள் வாயில் எத்தகைய பொருள் பெற்றிருக்கும் என்பது விளங்கும்.

ஆயினும் இக்கதையையும் வினாவின்றி ஏற்றல் இயலாது. அரிச்சந்திரனின் வாய்மைக்கு விலை கொடுத்தவர்கள் சந்திரமதியும் உலோகிதாசனும். தன் உறுதியின் சுமையைத் தன்னைச் சார்ந்தோர் தோளில் ஏற்றும் தலைமையை எவ்வளவு தூரம் போற்றலாம்? மேடையில் சந்திரமதி புலம்பியபோது சபையில் இருந்த பெண்கள் விட்ட கண்ணீர் இவ்வினாவையும் தன்னுள் அடக்கியிருத்தல் கூடும். உறுதி நற்பண்பே, அவ்வுறுதியின் விளைவை யார் தாங்குகின்றனர் என்பதைக் கேளாத உறுதி முழுமை பெறாது.

வினைத்திட்பமும் அதற்கு முன்னுள்ளதும்

இங்குத் திருக்குறளின் அதிகார வைப்பு முறையை நினைவுகூர்தல் பொருந்தும். செயலில் உறுதியைக் கூறும் வினைத்திட்பம் என்னும் அதிகாரம் 67ஆவது. அரசனின் இயல்பைக் கூறும் பகுதியில் அது வைக்கப்படவில்லை. அமைச்சைப் பற்றிய அதிகாரத்தைத் தொடர்ந்தே வருகின்றது. அதற்கு முன்னதாக 66ஆவது அதிகாரமாக நிற்பது வினைத்தூய்மை. பின்னதாக 68ஆவதாக நிற்பது வினைசெயல்வகை. செய்யத் தகுவது எது எனத் தெளிதல் முதலாவது, அதனைச் செய்து முடிக்கும் உறுதி இரண்டாவது, செய்யும் வழிமுறை மூன்றாவது என இவ்வைப்பினை நாம் விளங்கிக்கொள்ளலாம். இன்றைய தலைமைப் பயிற்சிகள் பெரும்பாலும் நடுவிலுள்ள ஒன்றையே எடுத்துக்கொண்டு முன்னதை விட்டுவிடுகின்றன. தூய்மையற்ற நோக்கத்தோடு கூடிய திட்பம் எத்தகைய அழிவைத் தரும் என்பதை நம் தீவின் அண்மைக்கால வரலாறு அறிந்தோருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

உடன்பாடு

இனி அரியாலைத் தடுப்பணைக்கே மீள்வோம். கதவை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பது பொறியியல் வினா மட்டுமன்று. நீரேரியின் உவர்நீரில் இறாலும் மீனும் பிடித்து வாழ்வோர் உள்ளனர். கடலுக்கும் நீரேரிக்கும் இடையே மீனினம் சென்று வருதல் அவர்தம் வாழ்வுக்கு ஆதாரம். கமக்காரருக்கு வேண்டுவது மூடிய கதவு. மீனவருக்கு வேண்டுவது திறந்த கதவு. தாழ்நிலத்தில் வயல் செய்வோருக்கும் மேட்டுநிலத்தில் தோட்டம் செய்வோருக்கும் வேண்டும் நீர்மட்டமும் ஒன்றன்று. ஒரே கதவின்மேல் இத்தனை வாழ்வுகள் தங்கியுள்ளன. இவர்களை ஓரிடத்தில் அமரச் செய்து நாட்கணக்கை வகுக்காத வரையில், சிறந்த பொறியியலாளரின் கணிப்பும் ஒரு தரப்பாரின் வெற்றியாகவே மற்றோருக்குத் தோன்றும்.

இவ்வுண்மையை வேறொரு நிகழ்ச்சியும் உணர்த்திற்று. யாழ்ப்பாணம், கிளிநொச்சி மாவட்டங்களுக்கான குடிநீர்த் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் கடனுதவி வழங்க உடன்பட்டது. இரணைமடுக் குளத்தின் கொள்ளளவைப் பெருக்கி அங்கிருந்து குடாநாட்டுக்கு நீர் கொணர்தல் அதன் முதல் ஏற்பாடு. கனகராயனாற்றை மறித்து அமைந்த குளம் அது. ஆறுமுகம் திட்டம் எதிர்நோக்கிய அதே ஆற்றின் நீர். கிளிநொச்சிக் கமக்காரர் தம் வயல்களுக்கு நீர் குறையும் என அஞ்சி எதிர்த்தனர். இறுதியில் ஏற்பாடு மாறிற்று. வடமராட்சி கிழக்கில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆகத்தில் திறந்து வைக்கப்பட்டது. மழைநீர் கடலோடு கலந்து போக, அக்கடல்நீரை மின்சாரம் செலவிட்டு நன்னீராக்குகின்றோம். இதற்குக் கமக்காரரைக் குறைகூறுதல் நேர்மையன்று. நீருக்கு உரிமையுடையோரின் அச்சம் முன்னரே கேட்கப்பட்டு, ஐயம் தீர்க்கப்பட்டிருப்பின் வேறு வழிகளும் திறந்திருக்கும் என்பதே நம் கருத்து. அறிவும் நிதியும் இருந்தும் உடன்பாடு இல்லாதவிடத்துத் தலைமை இல்லை.

உடன்பாட்டுக்கு முன்மாதிரியைத் தேடி நாம் வெளியே செல்ல வேண்டியதில்லை. துலாவால் இறைத்த காலத்தில் மேலே துலா மிதித்தவரும், கீழே பட்டை பிடித்தவரும், வாய்க்காலில் தண்ணீர் கட்டியவரும் ஒருவர் அசைவை ஒருவர் அறிந்தே தொழிற்பட்டனர். பங்குக் கிணறுகளில் இறைப்புக்கு முறை வகுத்து வாழ்ந்தனர். அம்முறைமை குறித்தும் சச்சரவுகள் இருந்தன, வழக்காடியோரும் இருந்தனர். எனினும் நீர் பொதுவானது, முறை வைத்தே எடுத்தல் வேண்டும் என்னும் கொள்கையை எவரும் மறுக்கவில்லை. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் உழைப்பின் கொடுமை குறைந்தது. அதனை நாம் வரவேற்கின்றோம். அதனோடு, எவ்வளவு எடுக்கலாம் என்பதை உடம்பின் களைப்பே வரையறுத்த நிலையும் நீங்கிற்று. மிகையாக இட்ட பசளையால் கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுவதை 1980களிலேயே ஆய்வாளர் சுட்டிக்காட்டினர். நிலத்தின் கீழுள்ள வில்லை வடிவான அந்நன்னீர் வேலிகளை அறியாது. ஒருவர் காணியில் நேரும் மாசும் மிகையிறைப்பும் அயலவர் கிணற்றில் தெரியும். குடாநாட்டார் யாவரும் ஒரே பங்குக் கிணற்றின் பங்காளிகள் என்பதே நிலநீரியல் கூறும் செய்தி.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, இயற்கையும் கலையும் தலைமைக்குத் தரும் ஊக்கம் உள்ளத்தை உயர்த்தும் உவமைகளில் இல்லை என்பது போதரும். நிலத்தையும் நீரையும் அறிந்தவரின் உறுதி, பனையை நட்டவரின் பொறுமை, மத்தளக்காரரின் தன்னை மறைத்த கவனம், சபையின் உடன்பாடு ஆகிய நான்கும் ஓரிடத்துச் சேரும்போதே நோக்கமுள்ள தலைமை உருவாகின்றது. ஆறுமுகத்தின் திட்டத்தில் முதலாவது குறைவின்றி இருந்தது. ஏனையவற்றை அளித்திருக்க வேண்டியது சமூகம். ஆகவே அத்திட்டம் நிறைவேறாமையை ஒரு பொறியியலாளரின் தோல்வியாகக் கொள்ளலாகாது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அமைந்த திருநெல்வேலியிலிருந்து அரியாலை சில கல் தொலைவில் உள்ளது. புவியியல், பொறியியல், விவசாயம், நாடகமும் அரங்கியலும் ஆகிய துறைகளில் பயில்வோர் ஒரு மார்கழி மாதத்தில் அங்கு ஒருங்கு சென்று, கதவருகே நின்று, கமக்காரரோடும் மீனவரோடும் பேசுவார்களாயின் தலைமை பற்றிய எந்தப் பயிற்சிப் பட்டறையினும் மிகுதியாகக் கற்றுத் திரும்புவர். மழை ஆண்டுதோறும் தவறாது வந்து அக்கதவண்டை நிற்கின்றது. அதனை என் செய்வது என்பதை நாம் இன்னும் கூடிப் பேசித் தீர்மானிக்கவில்லை.